வழியில் நின்ற பத்து நிமிடம்

என் வலது முழங்கால் எப்படி உடைந்தது என்பதை இதுவரை பல தாள்களில் எழுதிக் கொடுத்துவிட்டேன். மருத்துவமனைக்கு ஒன்று, ரெஜிமெண்ட்டுக்கு ஒன்று, மெடிக்கல் போர்டுக்கு ஒன்று, மேல்முறையீட்டுக் குழுக்களுக்கு ஆளுக்கொன்று, கடைசியாகச் சென்னையில் உள்ள ராணுவத் தீர்ப்பாயத்துக்கு ஒரு கட்டு. எல்லாவற்றிலும் மூன்று பிரதி, கீழே கையெழுத்து, பக்கத்தில் முத்திரை. இங்கே யாரும் முத்திரை கேட்கப் போவதில்லை என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்லலாம்.

நான் பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்தவன். சொந்த ஊர் நல்லூர். இப்போது விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியின் வாசலில் காவலுக்கு இருக்கிறேன். ஃபியூஸ் கட்டையும் பொம்மையும் செய்கிற சின்ன கம்பெனி. மாஜி ராணுவத்தான் என்றால் கேட்டில் நிறுத்துவதற்கென்றே பிறந்தவன் என்று நாட்டில் ஒரு முடிவு இருக்கிறது. நிற்க முடியாத கால் என்பதால் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். களிமண் லாரி வந்தால் எழுந்து சங்கிலியை அவிழ்க்க வேண்டும், போனதும் மாட்ட வேண்டும், நேரத்தை நோட்டில் எழுத வேண்டும். ஒரு நாளைக்கு நான் பேசுகிற வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கால் உடைந்த கதைக்கு வருகிறேன். அதற்கு முன் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எதுவும் விளங்காது. நல்லூரிலிருந்து விருத்தாசலம் வருகிற சாலையில், டவுனைத் தொடுவதற்குச் சற்று முன்னால் மணவாளநல்லூர் முருகன் கோயில் இருக்கிறது. அங்கே பிராது கட்டுவார்கள். களவுபோன நகை, ஏமாற்றிய பங்காளி, ஓடிப்போன புருஷன், எதுவானாலும் சாமிக்கு ஒரு தாளில் மனு எழுத வேண்டும். யார் மேல் புகார், எந்த ஊர், என்ன குறை, எல்லாம் விவரமாக. அதைச் சாமி முன்னால் வைத்துப் பூசை செய்து, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வந்துவிட்டால் மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். அவர் நம் ஊருக்கு வந்து விசாரிக்க வேண்டும் என்பதால் கிலோமீட்டர் கணக்கில் வழிச்செலவுகூட உண்டு. குறை தீர்ந்துவிட்டால் திரும்பப் போய், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் வழக்கு நடந்துகொண்டே இருக்கும், எதிராளியை முனியப்பர் விடமாட்டார் என்பது எங்கள் ஜனங்களின் நம்பிக்கை. எனக்கும் அதே நம்பிக்கைதான். பதினேழு வருஷம் துப்பாக்கி தூக்கினாலும் அது போகவில்லை.

நான் பிராது கட்டியது என் சொந்த அண்ணன் மேல்.

அப்பா போன பிறகு நிலத்தை அண்ணன்தான் உழுதார். என் பங்கைப் பிரித்துக் கொடுங்கள் என்று ஒவ்வொரு லீவிலும் கேட்டேன். "அப்பறம் பாக்கலாம்டா, இப்ப என்ன அவசரம்" என்பார். நான் எல்லைக்குத் திரும்பிப் போவேன். பாராக்கில் நாலு பேர் உட்கார்ந்து பேசினால் எல்லார் அண்ணனும் திருடன்தான். ஒருத்தன் அண்ணன் வீட்டை விற்றுவிட்டான், இன்னொருத்தன் அண்ணன் கைநாட்டு வாங்கி ஏமாற்றிவிட்டான். கேட்கக் கேட்க என் அண்ணன் முகமும் மாறிப்போனது. அடுத்த லீவில் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கோயிலுக்குப் போய், அவர் பேரையும் ஊரையும் எழுதிக் கட்டிவிட்டு ரயில் ஏறினேன். ரொம்பச் சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைப்பு.

அடுத்த முறை வந்தபோது அண்ணன் தானாகவே சர்வேயரை வரவழைத்து நிலத்தைப் பிரித்திருந்தார். கிணறு இருக்கிற கிழக்குப் பக்கம் எனக்கு. "கெணறு ஒனக்கு இருக்கட்டும். நீ பட்டாளத்த வுட்டு வந்தப்பறம் தண்ணிக்கு ஒருத்தன்கிட்ட போய் நிக்கக் கூடாது" என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. சாமி செய்ததா, அவர் மனசு செய்ததா என்று எனக்குத் தெரியாது. எப்படியிருந்தாலும் லீவு முடிவதற்குள் பிராதை வாபஸ் வாங்கியாக வேண்டும். வெட்கத்தில் கடைசி நாள் வரை தள்ளிப்போட்டேன்.

கடைசி நாள் மத்தியானம் அண்ணன் தன் பைக்கில் என்னை ரயிலடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். முன்னால் டேங்கின் மேல் என் பை, பின்னால் நான், என் மடியில் கறுப்பு டிரங்குப் பெட்டி. கோயில் வளைவு வந்ததும், "கொஞ்சம் நிறுத்துண்ணே, சாமி கும்பிட்டு வந்துடறேன்" என்றேன். "போயிட்டு வா, நான் இங்கயே நிக்கறேன்" என்றார். பத்து நிமிஷம். எழுதி வைத்தேன், கும்பிட்டேன், வந்து ஏறினேன். மனசு லேசாக இருந்தது. கொஞ்ச தூரம் போயிருப்போம். ஏதோ லாரியிலிருந்து சிந்திய களிமண், தூறலில் நனைந்து ரோட்டில் வழவழவென்று கிடந்தது. வண்டி வழுக்கியது. அண்ணன் ஓரத்தில் போய் விழுந்தார், சிராய்ப்போடு தப்பினார். பைக்கும் பெட்டியும் என் முழங்கால் மேல்.

என்னை ரோட்டிலிருந்து தூக்கித் தோளில் போட்டு ஆட்டோவில் ஏற்றியவர் அவர். என் யூனிட்டுக்கு போன் போட்டுச் சொன்னதும் அவர்தான். இந்தியும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. என் நம்பரைச் சொல்லி, "லெக், லெக்" என்று கத்தியிருக்கிறார். அது எப்படியோ அங்கே புரிந்துவிட்டது.

ராணுவ மருத்துவமனைக்கு என்னை மாற்றிய பிறகு ஒரு ஹவில்தார் கிளார்க் வந்து வாக்குமூலம் எழுதினார். வீட்டை விட்டுக் கிளம்பியது முதல் நடந்ததை நடந்தபடி சொல் என்றார். சொன்னேன். எத்தனை மணிக்குக் கிளம்பினோம், எங்கே நின்றோம், ஏன் நின்றோம், யார் மேல் பிராது, எதற்காக வாபஸ். அவர் சிரித்துக்கொண்டே எழுதினார். மடத்தனம்தான். வழியில் எங்கும் நிற்கவில்லை என்று ஒரு வரி சொல்லியிருந்தால் தீர்ந்தது. ஆனால் கோயிலில் வாபஸ் தாளை எழுதி வைத்துவிட்டு வந்த ஈரம் காயவில்லை. கோயிலுக்குப் போகவே இல்லை என்று நானே சொன்னால் வாபஸும் செல்லாமல் போய்விடும், முனியப்பர் மறுபடி அண்ணன் வீட்டு வழியில் நடக்க ஆரம்பித்துவிடுவார் என்று பயந்தேன். இந்தப் பயத்தை டெல்லிக்காரர்களுக்கு எந்த மொழியில் விளக்குவது?

அதன் பிறகு ஏழு வருஷம் என்னை ஸ்டோரில் உட்கார வைத்திருந்தார்கள். பார்த்து வைத்திருந்த பெண் வீட்டார், கால் இப்படி ஆனதும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். வேறு இடம் பார்க்க எனக்கும் மனசு வரவில்லை. விடுவிக்கும்போது மெடிக்கல் போர்டு முப்பது சதவீதம் ஊனம் என்று எழுதியது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் இந்த ஊனம் ராணுவச் சேவையால் வந்ததல்ல, சேவையால் மோசமானதும் அல்ல என்று கீழே இன்னொரு வரி. லீவு முடிந்து வேலைக்குத் திரும்புகிற பயணம் பணியில் சேரும். சொந்தக் காரியத்துக்காகப் பயணத்தை நடுவில் முறித்துக்கொண்டால் சேராது. நான் முறித்துக்கொண்டேனாம். பத்து நிமிஷத்தில் நான் சிப்பாயாக இல்லாமல் போய்விட்டேன். ஊனத்துக்கான பென்ஷன் பணம் கிடக்கட்டும். பதினேழு வருஷத்துக்கு மிஞ்சியது இந்த நொண்டிக் கால் ஒன்றுதான், அதையும் எங்களுடையதில்லை என்கிறார்களே என்றுதான் ஆத்திரம் வந்தது. மேல்முறையீடு செய்தேன்.

அப்போது நல்லூரில் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். காலையில் பஸ்ஸில் கம்பெனிக்கு வந்துவிட்டு மாலையில் திரும்புவேன். முதல் மேல்முறையீட்டின் முடிவு ரிஜிஸ்டர் தபாலில் வந்தபோது நான் கேட்டில் இருந்தேன். நிரந்தர முகவரி அண்ணன் வீடு. அவர் கையெழுத்துப் போட்டு வாங்கினார். தம்பிக்கு நல்ல சேதியாக இருக்கும் என்று ஆசையாகப் பிரித்து, காலேஜில் படிக்கிற தன் மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அவள் வரிவரியாகத் தமிழில் சொல்லியிருக்கிறாள். மூத்த சகோதரர் மேல் தெய்வத்திடம் கொடுத்திருந்த புகாரைத் திரும்பப் பெறுவதற்காக மனுதாரர் பயணத்தை முறித்துக்கொண்டார், ஆகவே மேல்முறையீடு தள்ளுபடி செய்யப்படுகிறது.

நான் வந்தபோது அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். தாள் கையில் இருந்தது.

"எங்கிட்ட கேட்டா நான் குடுத்திருக்க மாட்டனா? சாமிகிட்ட போயி என் பேர எழுதிக் கட்டியிருக்கியே. எப்பக் கட்டுன?"

சொன்னேன். எந்த மாசத்தில் கட்டினேன், எந்த மாசத்தில் வாபஸ் வாங்கினேன் என்று. அவர் கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போட்டார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்த இடைவெளியில்தான் அண்ணிக்கு ஆறாம் மாதத்தில் குழந்தை கலைந்து போயிருந்தது. ஆண் பிள்ளை என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிறக்கவே இல்லை.

"அந்த வருசந்தான்டா வூட்டுல புள்ள தங்கல" என்றார். அதற்கு மேல் கத்தவில்லை. உள்ளே போய்விட்டார். அவர் என்னைப் பார்த்துப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

பிராதுக்கும் குழந்தைக்கும் சம்பந்தம் இருக்கிறதா? டாக்டர் வேறு காரணம் சொன்னார். என் படித்த மூளையும் இல்லை என்றுதான் சொல்கிறது. ஆனால் அந்தத் தாளில் அண்ணனுக்கு நல்ல அடியாகக் கொடு சாமி என்று நான் எழுதியிருந்தேன். அது எனக்கு மட்டும் தெரியும்.

டவுனில், கம்பெனிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு அறை எடுத்துக்கொண்டேன். இரண்டாவது மேல்முறையீட்டில் முகவரியை ஞாபகமாக மாற்றினேன். அதுவும் தள்ளுபடி ஆயிற்று. நானே வாங்கினேன், நானே படித்தேன், நானே மடித்து வைத்தேன். முதல் பொங்கலுக்கு அண்ணி பஸ் கண்டக்டரிடம் ஒரு தூக்கு கொடுத்தனுப்பினார். சாப்பிட்டுவிட்டுக் கழுவித் திருப்பி அனுப்பினேன். அடுத்த பொங்கலுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. அன்றைக்குச் சில சமயம் ஜங்ஷனுக்குப் போய் ஒரு டீ சொல்லி, ரயிலுக்கு வந்த ஜனங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் போனில் வருகிற குரல்களில் பாதிக்கு மேல் இயந்திரம். அதுவும் லோன் வேண்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்வதற்காகவே சில நாள் அதைக் கடைசி வரை கேட்டிருக்கிறேன். தனிமை பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் தனியாக இருந்து பார்த்ததில்லை.

பட்டாளத்துச் சிநேகிதர் ஒருவர் சொல்லி, சென்னையில் இருக்கிற ஒரு வக்கீல் அம்மாவிடம் கேஸைக் கொடுத்தேன். அவர் போனில் ஒரே கேள்விதான் கேட்டார்.

"கோயில் உங்க வழியில இருக்கா, வழியை விட்டு உள்ள இருக்கா?"

"வழியிலதாங்க மேடம். வண்டி ரோட்டை விட்டு எறங்கவே இல்ல."

"அதை யார் சொல்வாங்க?"

வண்டி ஓட்டியவர் சொல்ல வேண்டும். வண்டி ஓட்டியவர் என் அண்ணன். வேறு சாட்சி கிடையாது.

நல்லூருக்குப் பஸ் ஏறினேன். போய் நின்றபோது அண்ணி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க தம்பி, உக்காருங்க" என்றார். தண்ணீர் கொடுத்தார். அண்ணன் மோட்டார் போட்டுவிட்டு வந்து, என்னைப் பார்த்ததும் கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் அண்ணியைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். ஒரு சத்திய வாக்குமூலம் வேண்டும், அன்றைக்கு நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று. மூன்று பேரும் ஒரே கூடத்தில்தான் இருந்தோம்.

"எப்ப வரணும்னு கேளு" என்றார் அண்ணன், அண்ணியிடம்.

"எப்ப வரணுமாம் தம்பி?"

"திங்கக்கெழம காலையில, கோர்ட்டாண்ட."

"திங்கக்கெழமயாம்" என்றார் அண்ணி.

அண்ணன் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். வரமாட்டேன் என்று சொல்லியிருந்தாலாவது நான் சண்டை போட்டிருக்கலாம். கையில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

திங்கட்கிழமை வந்தார். கோர்ட்டுக்கு எதிரில் இருக்கிற டைப் கடையில் வக்கீல் அம்மா அனுப்பியிருந்ததைப் பிரிண்ட் எடுத்து, கடைக்காரர் சத்தமாகப் படித்துக் காட்டினார். வண்டி என்னுடையது. ஓட்டியது நான். கோயில் பிரதான சாலையில் உள்ளது. பத்து நிமிடம் நின்றோம், வேறெங்கும் போகவில்லை. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்று ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார். ஆறாவது பத்தி வந்தது. எனக்கும் மனுதாரருக்கும் முன்பு இருந்த மனத்தாங்கல் தீர்ந்துவிட்டது, தற்போது எங்களுக்குள் எவ்விதப் பகையும் இல்லை என்று இருந்தது. பழைய காகிதங்களில் பிராதுக் கதை இருப்பதால், சாட்சியின் பேச்சு எடுபட வேண்டுமே என்று வக்கீல் அம்மா யோசித்துப் போட்ட வரி.

"அத அடிச்சிடுங்க" என்றார் அண்ணன்.

"ஏங்க, நல்லதுக்குத்தான் போட்டிருக்காங்க."

"சத்தியம் பண்ணிக் குடுக்கறதுங்க இது. உள்ளத மட்டும் வைங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். அண்ணன் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. மறுபடி பிரிண்ட் எடுக்க முடியாது, அண்ணனுக்கு நல்லூர் பஸ்ஸுக்கு நேரமாகிறது. நோட்டரி வக்கீல், பேனாவால் அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டால் போதும் என்றார். அண்ணன் பேனாவை வாங்கி, அந்த இரண்டு வரியையும் அடி ஸ்கேல் வைத்ததுபோல நேராக அடித்தார். கையெழுத்துப் போட்டார். சத்தியம் செய்தார். நான் டீ வாங்கி நீட்டினேன். கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். பேச்சுக்காவது விட்டிருக்கலாமே என்று அன்று முழுக்க மனசுக்குள் அவரைத் திட்டினேன். வக்கீல் அம்மாவும் தாளைப் பார்த்துவிட்டுச் சலித்துக்கொண்டார். "எதிர்த்தரப்பு இதைத்தான் சார் முதல்ல பிடிச்சுக்குவாங்க" என்றார்.

பிடித்துக்கொண்டார்கள். விசாரணையன்று சென்னைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அரசுத் தரப்பு வக்கீல் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, இவருக்கும் இவருடைய சாட்சிக்குமே ஒத்துப்போகவில்லை, எதை நம்புவது என்றார். நீதிபதி தாளை வாங்கி, அடித்திருந்த வரியை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். பக்கத்தில் இருந்த இன்னொருவர், பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, அவரும் படித்தார். தீர்ப்பைத் தள்ளிவைத்தார்கள்.

சில வாரம் கழித்து ஒரு காலை நேரம், கேட்டில் களிமண் லாரி ஒன்று உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது தீர்ப்பு என் போனுக்கு வந்தது. மேலே வக்கீல் அம்மா "ஜெயித்துவிட்டோம்" என்று எழுதியிருந்தார். லாரியை அனுப்பி, சங்கிலியை மாட்டி, நேரத்தை நோட்டில் எழுதிவிட்டு உட்கார்ந்து படித்தேன். பட்டாளத்து இங்கிலீஷ் எனக்குப் போதும். காயம் பணியின்போது ஏற்பட்டது, சேவைதான் காரணம், முந்தைய இரண்டு முடிவுகளும் ரத்து. இத்தனை வருஷமாக நான் கேட்ட வார்த்தைகள் அப்படியே இருந்தன. ஏன் அப்படி முடிவு செய்தோம் என்று அதற்கு மேல் ஒரு பத்தி இருந்தது.

அதன் சாரம் இதுதான். மனுதாரரோடு தனக்குப் பகை இல்லை என்று எழுதப்பட்டிருந்த வரியைச் சாட்சி தன் கையாலேயே அடித்திருக்கிறார். மனுதாரர் மேல் அவருக்கு இன்றளவும் பகை இருப்பது தெரிகிறது. அப்படிப்பட்டவர் இவருக்கு உதவுவதற்காகப் பொய் சொல்ல எந்த முகாந்திரமும் இல்லை. ஆகவே, வண்டி வழியை விட்டு விலகாமல் பத்து நிமிடம் மட்டுமே நின்றது என்று அவர் சொல்வதை முழுமையாக நம்புகிறோம்.

நாலைந்து தடவை படித்தேன். பிறகு அண்ணன் வீட்டுக்கு போன் போட்டேன். அண்ணி எடுத்தார். கேஸ் ஜெயித்துவிட்டது, அண்ணன் சாட்சியால்தான் ஜெயித்தது என்றேன். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே உரக்கச் சொன்னார். அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது.

"கேட்டுக்கிட்டாரு தம்பி" என்றார் அண்ணி.

"என்னண்ணி சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

வைத்துவிட்டேன். கம்பெனியில் விஷயம் தெரிந்து முதலாளி வந்து கை கொடுத்தார், சூளைக்காரர்கள் ஸ்வீட் எங்கே சார் என்றார்கள். சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அண்ணன் மட்டும் என்னை மன்னித்து அந்த வரியை விட்டிருந்தால், இவருக்கு இவர் அண்ணன் சொல்லாமல் வேறு யார் சொல்வார் என்று தீர்ப்பாயம் அவர் சாட்சியைத் தள்ளியிருக்கும், நானும் தோற்றிருப்பேன். தோற்றிருக்கலாம் என்றிருக்கிறது.